வாஷிங்டன் மாநிலத் துப்பாக்கி மசோதாக்கள் மீது கருத்துச் சொல்வது எப்படி: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2025ஆம் ஆண்டுக் கூட்டத்தொடரில், துப்பாக்கி வாங்கும் முன்பே மாநில ரோந்துக் காவல்துறையிடம் அனுமதிச் சீட்டுப் பெற்றாக வேண்டும் என்ற எச்.பி. 1163 மசோதா பிரதிநிதிகள் அவையின் குழுவுக்கு வந்தது. அதை ஆதரித்துப் பேசுவதற்காக நான் இரண்டு வாரம் உட்கார்ந்து மூன்று பக்க உரை எழுதினேன். குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் விசாரணை தொடங்க 40 நிமிடம் இருக்கும்போது பெயர் பதியப் போனேன். பதிவு மூடி 20 நிமிடம் ஆகியிருந்தது. அதே மசோதாவை எதிர்த்துப் பேச விரும்பிய என் பக்கத்து வீட்டு நண்பர் நேரத்துக்குப் பதிந்திருந்தார். ஆனால் அவருடைய ஜூம் கணக்கில் அவர் பெயருக்குப் பதிலாக மகளின் பெயர் இருந்தது. அழைப்பு வந்தபோது பட்டியலில் அவர் பெயர் தென்படாததால், வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விட்டது.

துப்பாக்கி விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு கருத்திலும் ஒற்றுமை இல்லை. நடைமுறை தெரியாமல் ஏமாந்ததில் மட்டும் முழு ஒற்றுமை. அதனால் இந்தக் கட்டுரை எந்தப் பக்கத்துக்கும் வாதாடவில்லை. நீங்கள் கட்டுப்பாட்டை ஆதரிப்பவரானாலும் உரிமையை ஆதரிப்பவரானாலும் படிகள் ஒன்றுதான், கண்ணிகளும் ஒன்றுதான். பெல்வியூ, ரெட்மண்ட், சமாமிஷ், பாத்தெல் பக்கம் இருக்கும் தமிழர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தங்கள் சட்டமன்றத்தின் விதிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நேர வரம்புகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

1. உங்கள் குடியேற்ற நிலைக்கு எது பொருந்தும் என்று முதலில் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு மற்றதைப் படிக்காதீர்கள். மற்ற படிகளில் தவறினால் ஒரு வாய்ப்புப் போகும். இதில் தவறினால் விசாவே போகலாம்.

சட்டமன்றக் குழுவின் முன் பேசுவதற்கும், எழுத்து மூலம் கருத்துத் தருவதற்கும், உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவதற்கும் குடியுரிமை தேவையில்லை. எச்-1பி, எச்-4, கிரீன் கார்டு என எந்த நிலையில் இருந்தாலும் இவற்றைச் செய்யலாம். உங்களிடம் யாரும் அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ கேட்கப்போவதில்லை. ஊதியம் வாங்காமல், எந்த உறுப்பினருக்காகவும் பணம் செலவழிக்காமல், உங்கள் கருத்தை நீங்களே சொல்வதற்கு லாபியிஸ்ட் (உறுப்பினர்களிடம் பரிந்து பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்) என்று பதிவு செய்துகொள்ளவும் வேண்டியதில்லை.

செய்யக் கூடாதவை வேறு. மக்களே சட்டம் முன்மொழியும் முன்முயற்சி மனுக்களில் கையெழுத்திடும் உரிமை இந்த மாநிலத்தில் பதிவு பெற்ற வாக்காளர்களுக்கு மட்டுமே உண்டு. கடை வாசலில் அட்டைப் பலகையுடன் நிற்பவர் "ஒரு கையெழுத்துதான் சார்" என்ற தோரணையில் பேனாவை நீட்டுவார். உங்கள் குடியுரிமையைப் பற்றி அவர் கேட்கமாட்டார். குடியுரிமை இல்லாதவர் அந்தத் தாளில் கையெழுத்திடவே கூடாது. வாக்காளர் பதிவுப் படிவம் அதைவிட ஆபத்தானது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது அவசரத்தில் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் பின்னாளில் குடியுரிமை நேர்காணலில் தடுமாறியவர்கள் உண்டு. தேர்தல் நன்கொடையிலும் கவனம் தேவை: கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் கூட்டாட்சி, மாநில, உள்ளூர்த் தேர்தல் எதற்கும் பணம் கொடுக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர்கள் கொடுக்கலாம்.

துப்பாக்கி உரிமைப் பக்கம் சாய்ந்த புதியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. உரிமைக் குழுக்கள் உறுப்பினர்களைச் சுடுதளத்துக்கு அழைத்துப்போய்ப் பழக்குவது வழக்கம். ஆனால் எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. நண்பருடைய துப்பாக்கியை விளையாட்டாக வாங்கிச் சுட்டுப் பார்ப்பதற்கு முன், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் அரைமணி நேரம் பணம் கட்டிப் பேசுங்கள். இந்தக் கட்டுரை சொல்லும் வேலைகளில் நான் தயங்காமல் பரிந்துரைக்கும் ஒரே பெரிய செலவு அதுதான்.

2. நீங்கள் இருப்பது எந்தத் தொகுதி என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாநிலத்தில் 49 சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு செனட்டரும் இரண்டு பிரதிநிதிகளும் உண்டு. ஆக உங்களுக்கு மூன்று பேர். சட்டமன்ற இணையதளத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்தால் மூவரின் பெயரும் வரும். வாஷிங்டன் டி.சி.யில் இருக்கும் காங்கிரஸ் உறுப்பினரை இவர்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மாநில மசோதாவில் அவருக்கு வாக்கு இல்லை.

நகர மன்றத்துக்குப் போவதும் வீண். துப்பாக்கிகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் முழுவதையும் மாநிலமே வைத்துக்கொண்டிருக்கிறது. எட்மண்ட்ஸ் நகரம் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்று தனியாக விதி கொண்டுவந்தது; 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. உங்கள் மாலைப்பொழுதை மாநிலத் தலைநகரான ஒலிம்பியாவுக்குச் சேமித்து வையுங்கள்.

3. சரியான மசோதாவை, சரியான வடிவத்தில் எடுத்துப் படியுங்கள்

பிரதிநிதிகள் அவையில் தொடங்கும் மசோதாக்கள் (எச்.பி.) ஆயிரத்து வரிசையிலும் செனட்டில் தொடங்குபவை (எஸ்.பி.) ஐயாயிரத்து வரிசையிலும் எண் பெறும். இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். இங்கேதான் முதல் கண்ணி. 2022இல் பத்துக்கு மேற்பட்ட தோட்டா கொள்ளும் மேகசின்களின் விற்பனையைத் தடை செய்த மசோதாவின் எண் எஸ்.பி. 5078. அடுத்த ஆண்டே, துப்பாக்கித் தயாரிப்பாளர்கள், விற்பனையாளர்களின் சட்டப் பொறுப்பைப் பற்றி வந்த வேறொரு மசோதாவுக்கும் அதே எண்தான். தேடும்போது எண்ணோடு ஈராண்டுக் காலத்தையும் தேர்ந்தெடுக்காவிட்டால், முடிந்துபோன மசோதாவுக்கு ஆதரவு தெரிவித்துக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பீர்கள். நான் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது கண்ணி மசோதாவின் வடிவம். குழுவில் மாற்றினால் அது மாற்று மசோதாவாகிறது. அவையில் திருத்தினால் பெயருக்கு முன் இன்னொரு அடைமொழி சேர்கிறது. மூல வடிவத்தைப் படித்துவிட்டு, நீக்கப்பட்டுவிட்ட பிரிவை எதிர்த்து ஒரு நிமிடம் முழங்குவது எல்லாக் கூட்டத்திலும் ஒருவராவது செய்யும் தவறு. விசாரணைக்கு முந்தைய இரவு மசோதாவின் பக்கத்தை மறுபடியும் திறந்து கடைசி வடிவத்தைப் பாருங்கள்.

மசோதா முழுவதையும் வரி வரியாகப் படித்து மாய வேண்டாம். அதே பக்கத்தில் குழு ஊழியர்கள் எழுதும் மசோதா அறிக்கை இருக்கும். நாலைந்து பக்கத்தில், நடப்புச் சட்டம் என்ன, மசோதா எதை மாற்றுகிறது என்று சார்பில்லாமல் சொல்லிவிடுவார்கள். அரசுக்கு ஆகும் செலவைக் கணக்கிடும் நிதிக் குறிப்பையும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் இலவசம்.

நடப்புச் சட்டத்தைப் படிப்பது அலுப்பான வேலை. ஆனாலும் அதைச் செய்யாதவர்களைக் குழு உறுப்பினர்கள் முதல் வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். தனியார் கைமாற்றத்துக்கும் பின்னணிச் சோதனை வேண்டும் என்று கோரி வருகிறவர்கள் இன்றும் உண்டு. மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய முன்முயற்சி 594 வழியாக 2014லிருந்தே அது சட்டம். ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதுபவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் ஆணை 2016இலும், அரைத்தானியங்கி ரைஃபிள் வாங்க 21 வயது என்ற வரம்பு 2018இலும் மக்கள் வாக்கால் வந்தவை. தாக்குதல் ரகத் துப்பாக்கிகளின் விற்பனைத் தடையான எச்.பி. 1240 ஏப்ரல் 2023இல் கையெழுத்தானது. பத்து நாள் காத்திருப்பும் பாதுகாப்புப் பயிற்சியும் 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. எச்.பி. 1163 மே 2025இல் கையெழுத்தாகி, 2027 மே 1 அன்று நடைமுறைக்கு வரும்படி எழுதப்பட்டிருக்கிறது. எதிர்ப்பவர்களும் தங்கள் பங்குக்கு ஆயுதம் ஏந்தும் உரிமையைப் பற்றிய மாநில அரசியலமைப்பின் முதல் பகுதி 24ஆம் பிரிவை ஒருமுறை வாசித்துவிட்டு வருவது நல்லது. கூட்டாட்சி அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தை மட்டும் மனப்பாடமாகச் சொல்லி, தன் மாநிலத்துக்கென்று தனியாக ஒரு பிரிவு இருப்பதை விட்டுவிட்டார் என் நண்பர்.

4. நாள்காட்டியைச் சுவரில் ஒட்டுங்கள்

கூட்டத்தொடர் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை தொடங்கும். ஒற்றைப்படை ஆண்டில் 105 நாள், இரட்டைப்படை ஆண்டில் 60 நாள். அந்தக் கணக்கில் 2027 கூட்டத்தொடர் ஜனவரி 11 தொடங்கி ஏப்ரல் 25க்குள் முடிய வேண்டும். மசோதாக்களை டிசம்பரிலேயே முன்கூட்டித் தாக்கல் செய்யத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே ஊருக்குப் போய்விட்டுப் பொங்கல் முடிந்து திரும்புகிறவர்கள், விமான நிலையத்தில் இறங்கும்போதே முதல் வார விசாரணைகள் சில முடிந்திருக்கும் என்று எதிர்பாருங்கள். சர்ச்சைக்குரிய துப்பாக்கி மசோதாக்களைத் தொடக்கத்திலேயே விசாரணைக்கு எடுப்பது இங்கே அடிக்கடி நடக்கிறது.

கூட்டத்தொடருக்குள் வெட்டு நாள்கள் உண்டு. கொள்கைக் குழுவிலிருந்து வெளியேற ஒரு நாள், நிதிக் குழுவிலிருந்து ஒரு நாள், தொடங்கிய அவையைத் தாண்ட ஒரு நாள், பிறகு எதிர் அவையில் இதே வரிசை. அந்த நாளுக்குள் நகராத மசோதா பெரும்பாலும் அந்த ஆண்டுக்குச் செத்தது. ஒற்றைப்படை ஆண்டில் அப்படி நின்றுபோனது மட்டும் அடுத்த ஆண்டு மீண்டும் எழலாம். "போன வருஷமே தோற்கடித்தாயிற்று" என்று எதிர்ப்பவர்கள் அசந்துவிடக் கூடாது.

துப்பாக்கி மசோதாக்கள் பொதுவாக இரண்டு குழுக்களுக்கே வரும்: பிரதிநிதிகள் அவையின் சிவில் உரிமைகள் மற்றும் நீதித்துறைக் குழு, செனட்டின் சட்டம் மற்றும் நீதிக் குழு. இந்த இரண்டின் அறிவிப்புகளையும் மின்னஞ்சலில் வரும்படி செய்துகொள்ளுங்கள். விசாரணைக்குச் சில நாள் முன்புதான் அறிவிப்பு வரும். நேரமும் அறையும் கடைசியில் மாறுவதும் உண்டு.

5. பெயர் பதிவு செய்யுங்கள்

சட்டமன்ற இணையதளத்தில் குழுப் பதிவு என்ற பக்கம் இருக்கிறது. அவை, குழு, கூட்ட நேரம், மசோதா என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் நான்கு வழிகள் காட்டும்: நேரில் பேசுவது, ஜூமில் பேசுவது, எழுத்துச் சாட்சியம் தருவது, பேசாமல் நிலைப்பாட்டை மட்டும் பதிவு செய்வது. நான்கிலும் ஆதரவு, எதிர்ப்பு, பிற என்று ஒன்றைக் குறிக்க வேண்டும்.

நேர வரம்புகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஜூமில் பேசவும் நிலைப்பாட்டைப் பதியவும் விசாரணை தொடங்குவதற்கு 1 மணி நேரம் முன்புவரை மட்டுமே முடியும். எழுத்துச் சாட்சியத்துக்கு விசாரணை தொடங்கியதிலிருந்து 24 மணி நேரம் வரை இடமுண்டு. பேசும் வாய்ப்பைத் தவறவிட்ட அன்று எனக்கு இந்த 24 மணி நேரம் தெரிந்திருந்தால், அந்த மூன்று பக்கத்தையும் சுருக்கி அன்றிரவே அனுப்பியிருப்பேன். மறுநாள் அலுவலகம் முடிந்து வந்து தேடியபோது அதுவும் மூடியிருந்தது.

"விசாரணை தொடங்குவது" என்றால் கூட்டம் தொடங்கும் நேரம். உங்கள் மசோதா பட்டியலில் நான்காவதாக, இரண்டு மணி நேரம் கழித்து வந்தாலும் பதிவு கூட்டத்தின் தொடக்க நேரத்தைக் கணக்கிட்டே மூடும்.

ஆதரவா எதிர்ப்பா என்ற கட்டத்தைச் சமர்ப்பிக்கும் முன் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவானவர் எல்லாத் துப்பாக்கி மசோதாவிலும் ஆதரவு என்று குறித்துவிட முடியாது. சில மசோதாக்கள் இருக்கும் கட்டுப்பாட்டைத் தளர்த்த வருபவை. கேள்வி மசோதாவைப் பற்றியது, துப்பாக்கியைப் பற்றியது இல்லை.

படிவத்தில் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் கேட்பார்கள். நீங்கள் தருவதெல்லாம் பொது ஆவணம், கேட்பவருக்குக் கிடைக்கக்கூடியது. பேசியவர்கள் பெயரும், பேசப் பதிந்து வாய்ப்புக் கிடைக்காதவர்கள் பெயரும் மசோதா அறிக்கையின் கடைசியில் அச்சாகும். பேச்சு டி.வி.டபிள்யூ. என்ற பொது அலைவரிசையின் சேமிப்பில் தங்கிவிடும். துப்பாக்கி விவகாரத்தில் சூடு அதிகம் என்பதால், பெயர் வெளியே வருவது சங்கடம் என்றால் உங்கள் மூன்று உறுப்பினர்களுக்குத் தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளைப் பேசவைக்க விரும்பும் பெற்றோர் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

அலுவலக மின்னஞ்சலைப் பயன்படுத்தாதீர்கள். நிறுவனத்தின் பெயரையும் சொல்லாதீர்கள். தமிழ்ச் சங்கத்தின் பொறுப்பில் இருப்பவர்கள், செயற்குழு தீர்மானம் போடாமல் "சங்கத்தின் சார்பில்" என்ற சொல்லை வாயில் எடுக்க வேண்டாம். வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்புக்குச் சட்டமியற்றலில் ஈடுபட அளவு உண்டு, வேட்பாளரை ஆதரிக்க அனுமதியே இல்லை. அரசுப் பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ வேலை பார்ப்பவர்கள் அலுவலகக் கணினியையும் வேலை நேரத்தையும் இதற்குத் தொடாமல் இருப்பது அவசியம்.

6. ஒரு நிமிடத்துக்கு எழுதுங்கள்

இரண்டு நிமிடம் தருவார்கள் என்று நினைத்துத் தயாரித்துப் போனால், கூட்டம் அதிகம் என்று ஒரு நிமிடமாக்கிவிடுவார்கள். துப்பாக்கி மசோதாவுக்கு எப்போதும் கூட்டம் அதிகம். பதிந்தவர்கள் எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

ஒரு நிமிடம் என்பது ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய 130 சொற்கள். இரண்டு நிமிட உரை, ஒரு நிமிட உரை, முப்பது விநாடி உரை என்று மூன்றையும் தனித்தனித் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது வெட்டலாம் என்று நினைத்தால் நடக்காது. மேசையில் மணி ஓடும்போது எந்த வரியை விடுவது என்று மூளை தேர்ந்தெடுக்காது.

அமைப்பு எளிது. குழுத் தலைவரையும் உறுப்பினர்களையும் விளித்து, பதிவுக்காக உங்கள் பெயர், ஊர், தொகுதி எண். அடுத்த வாக்கியத்திலேயே மசோதா எண்ணும் ஆதரவா எதிர்ப்பா என்பதும். பிறகு உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு செய்தி. கடைசியில் குறிப்பிட்ட ஒரு கோரிக்கை: இந்தப் பிரிவை நீக்குங்கள், இந்த வயதை மாற்றுங்கள், குழுவிலிருந்து நிறைவேற்றுங்கள். நாடு முழுக்க எத்தனை பேர் இறக்கிறார்கள், உலகில் எந்த நாட்டில் என்ன சட்டம் என்பதெல்லாம் ஊதியம் வாங்கும் நிபுணர்கள் சொல்லிவிடுவார்கள். இந்தியாவில் துப்பாக்கி உரிமம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று ஒப்பிட்டு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். என் முதல் வரைவில் முக்கால் பக்கம் அதுதான் இருந்தது, உறுப்பினர்களுக்கு அதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை.

மசோதா நிதிக் குழுவுக்குப் போனால் உரையை மாற்றுங்கள். அங்கே செலவு, வருவாய், ஊழியர் எண்ணிக்கை ஆகியவற்றையே எதிர்பார்ப்பார்கள். உரிமையைப் பற்றியோ உயிரிழப்பைப் பற்றியோ தொடங்கினால் தலைவர் நிறுத்தி நினைவூட்டுவார்.

7. ஜூம் அல்லது ஒலிம்பியா

ஜூமில் பேசினால் செலவே இல்லை. பதிவு செய்ததும் வரும் இணைப்பு உங்களுக்கு மட்டுமே உரியது. அதை வாட்ஸாப் குழுவில் பகிராதீர்கள். பதிந்த பெயரும் திரையில் தெரியும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். தலைப்பெழுத்து எங்கே வருகிறது என்பதுகூட நம் பெயர்களில் குழப்பம். பெயரை எப்படி உச்சரிப்பார்கள் என்று முன்பே ஊகித்து, அந்தத் திரிந்த ஒலிக்கும் காதைத் திறந்து வைத்திருங்கள். மைக்கின் ஒலித்தடையை நீக்கச் சில விநாடிகளே கிடைக்கும்.

மசோதா செனட்டுக்குப் போனபோது நானும் நண்பரும் நேரில் போனோம், ஒரே காரில். சியாட்டிலிலிருந்து ஒலிம்பியா ஏறக்குறைய 60 மைல். ஐ-5 நெடுஞ்சாலையில் டகோமாவிலும், அதைத் தாண்டி ராணுவத் தளத்தின் ஓரத்திலும் வண்டிகள் நின்று நின்றுதான் போகும். காலை எட்டு மணி விசாரணை என்றால் ஐந்தே முக்காலுக்கே கிளம்ப வேண்டும். செனட்டின் விசாரணை அறைகள் செர்பெர்க் கட்டடத்திலும் பிரதிநிதிகள் அவையின் அறைகள் ஓ'பிரையன் கட்டடத்திலும் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு பக்கம். குவிமாடம் உள்ள பெரிய கட்டடத்துக்குள் போய் அறையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வளாகத்தில் வண்டி நிறுத்தக் கட்டணம் உண்டு, கூட்டத்தொடரில் இடம் கிடைப்பதும் அரிது. ஊருக்குள் எங்காவது நிறுத்திவிட்டு, 2020லிருந்து கட்டணமின்றி ஓடும் இன்டர்சிட்டி டிரான்சிட் பேருந்தில் வருவது எளிது. நேரில் பேசுவதானாலும் பெயரை முந்தைய நாளே இணையத்தில் பதிந்துவிடுங்கள்.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க: தலைநகர வளாகத்தில் ஆயுதத்தை வெளியே தெரியும்படி ஏந்திவருவது 2021லிருந்து குற்றம். அனுமதி பெற்ற ஆர்ப்பாட்டத்தைச் சுற்றி 250 அடிக்குள்ளும் அப்படியே. பழைய பேரணிப் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு வராதீர்கள்.

அன்று எனக்கு முன்னால் பேசியவர் ஒரு பாட்டியம்மா. குளிர்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, மடித்த துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிய நான்கு வரியைப் படித்தார். நாற்பது விநாடி. கடைசி வரி ஒரு பிரிவு எண்ணும் ஒரு வேண்டுகோளும். ஓர் உறுப்பினர் குனிந்து அந்த எண்ணைக் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். என் தாளில் பிரிவு எண்ணே இல்லை. திரும்பும் வழியில் லேசி என்ற ஊரைத் தாண்டும்போது நண்பர், "அண்ணே, அந்தம்மா உங்க கட்சிதான். ஆனா எனக்கே எழுந்து கைதட்டணும்போல இருந்துச்சு" என்றார்.

8. விசாரணை முடிந்த பின்தான் வேலை

முதன்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். விசாரணை முடிந்து சில நாளில் அதே குழு செயலமர்வு கூட்டி வாக்களிக்கும். அதில் பொதுமக்கள் பேச முடியாது, பார்க்கலாம். எனவே விசாரணைக்கும் செயலமர்வுக்கும் இடைப்பட்ட நாள்களில்தான் குழு உறுப்பினர்களுக்கும் உங்கள் தொகுதியின் மூன்று உறுப்பினர்களுக்கும் செய்தி போக வேண்டும்.

குழுப் பதிவும் மசோதாவின் மீது கருத்துரைப்பதும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். குழுப் பதிவு அந்தக் குழுவின் ஆவணத்துக்குப் போகிறது. மசோதாவின் பக்கத்தில் உள்ள கருத்துப் பெட்டி உங்கள் தொகுதியின் உறுப்பினர்களுக்குப் போகிறது. இரண்டையும் செய்ய வேண்டும். இணையம் பழக்கமில்லாத பெற்றோர் வீட்டில் இருந்தால் சட்டமன்றத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி 1-800-562-6000. மசோதா எண், ஆதரவா எதிர்ப்பா, பெயர், முகவரி சொன்னால் செய்தியை உறுப்பினர்களிடம் சேர்த்துவிடுவார்கள்.

குழுவைத் தாண்டிய மசோதா விதிகள் குழுவில் போய் நிற்கும். அங்கே விசாரணை கிடையாது. யாராவது ஓர் உறுப்பினர் இழுத்து அவைக்குக் கொண்டுவந்தால்தான் நகரும். ஆதரிப்பவர்கள் இழுக்கச் சொல்லியும் எதிர்ப்பவர்கள் இழுக்காதிருக்கச் சொல்லியும் எழுத வேண்டிய இடம் இது. மசோதா எதிர் அவைக்குப் போனால் ஐந்தாம் படியிலிருந்து எல்லாம் மறுபடியும்.

இந்த நகர்வுகளைத் தனியாளாகக் கவனிப்பது கடினம் என்பதால் ஏதாவது ஓர் அமைப்பின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துகொள்ளுங்கள். கட்டுப்பாட்டுப் பக்கம் அலையன்ஸ் ஃபார் கன் ரெஸ்பான்ஸிபிலிட்டி, மாம்ஸ் டிமாண்ட் ஆக்‌ஷன் போன்றவை இருக்கின்றன. உரிமைப் பக்கம் செகண்ட் அமெண்ட்மெண்ட் ஃபவுண்டேஷன் பெல்வியூவிலேயே இருக்கிறது. எதிர்த்தரப்பின் பட்டியலிலும் சேருங்கள். அவசர அறிவிப்புகள் அங்கிருந்து முதலில் வருவதும் உண்டு. ஆனால் அமைப்புகள் தரும் ஆயத்தக் கடிதத்தை அப்படியே அனுப்பாதீர்கள். ஒரே வாசகத்தில் நானூறு கடிதம் வந்தால் அலுவலகத்தில் அது ஓர் எண்ணிக்கையாகவே பதிவாகும்.

நீங்களே துண்டறிக்கை அச்சடித்தோ, சமூக ஊடகத்தில் விளம்பரம் போட்டோ மற்றவர்களை உறுப்பினர்களுக்கு எழுதத் தூண்டப் போகிறீர்கள் என்றால், செலவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் அரசியல் செலவுக் கணக்குகளைக் கவனிக்கும் பொது வெளிப்பாட்டு ஆணையத்தில் பதிவு செய்து கணக்குக் கொடுக்க வேண்டும். வரம்பு அவ்வப்போது மாறுவதால் பணம் வசூலிக்கும் முன்பே ஆணையத்தின் இணையதளத்தைப் பாருங்கள்.

9. ஆளுநர் மேசைக்குப் போன பிறகு

இரு அவைகளும் நிறைவேற்றியதும் ஆளுநருக்கு, கூட்டத்தொடர் நடக்கும்போது என்றால் 5 நாளும், முடிந்த பின் என்றால் 20 நாளும் அவகாசம். ஞாயிறு கணக்கில் சேராது. முழுவதையும் நிராகரிக்கலாம், சில பிரிவுகளை மட்டும் நீக்கிவிட்டும் கையெழுத்திடலாம். அதனால் கடிதத்தில் மசோதாவை மட்டும் சொல்லாமல் பிரிவு எண்ணையும் எழுதுங்கள்.

சாதாரணச் சட்டம் கூட்டத்தொடர் முடிந்து 90 நாள் கழித்து நடைமுறைக்கு வரும். அந்த இடைவெளியில் எதிர்ப்பவர்கள், கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 4 சதவீதம் அளவுக்கு வாக்காளர் கையெழுத்துத் திரட்டினால் மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம். புதிதாகச் சட்டம் எழுதிக் கொண்டுவரும் முன்முயற்சிக்கு 8 சதவீதம். அது சம்பளத்துக்குக் கையெழுத்துத் திரட்டும் ஆட்களை அமர்த்தும் பெரும் செலவு, தனிமனிதர் தொடங்கும் காரியம் இல்லை.

மசோதாவின் கடைசிப் பக்கத்தில் அவசரப் பிரிவு இருக்கிறதா என்று விசாரணைக்கு முன்பே பாருங்கள். அது இருந்தால் 90 நாளும் இல்லை, மக்கள் வாக்கெடுப்பும் இல்லை, 2023இல் எச்.பி. 1240 அப்படித்தான் கையெழுத்தான அன்றே நடைமுறைக்கு வந்தது. அந்தப் பிரிவை நீக்கச் சொல்லியோ வைத்திருக்கச் சொல்லியோ கேட்க வேண்டிய இடம் குழு விசாரணை. உங்கள் ஒரு நிமிடத்தில் பத்து விநாடியை அதற்கு ஒதுக்குங்கள்.